எத்தனை மனைவி என்ற கேள்வி

1853 ஜூலையில் இரண்டு வெள்ளைக்காரர்கள் மதராஸில் கப்பலை விட்டு இறங்கினார்கள். ஒருவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ரிச்சர்ட் பாலன்டைன், மற்றவர் ராபர்ட் ஸ்கெல்டன். சான் பிரான்சிஸ்கோவில் கப்பலேறி, கல்கத்தா வழியாக வந்திருந்தார்கள். கம்பெனி உத்தியோகம் இல்லை, வியாபாரமும் இல்லை, சம்பளமும் கிடையாது. அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையின் ஊழியர்கள் அவர்கள். இன்று தருமபுரி மாவட்டத்தில் உள்ள நம் பாலக்கோடு அன்றைக்குச் சேலம் ஜில்லாவில் இருந்தது, சேலம் மதராஸ் ராஜதானியில் இருந்தது. ஆக, இந்தப் பக்கத்து மக்களுக்கும் சேர்த்துத்தான் அவர்கள் வந்ததாகக் கொள்ளலாம். ஆனால் அவர்கள் பேச்சைக் கேட்டதெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்த ஐரோப்பியர்களும் சிப்பாய்களும்தான். உள்நாட்டுக்குள் அந்தப் பேச்சு அதிகம் வரவில்லை.

வந்தவர்களுக்கு முன்னால் ஒரு செய்தி வந்து உட்கார்ந்திருந்தது. 1852 ஆகஸ்ட் இறுதியில், யூட்டாவில் சபையின் தலைமையிடமான சால்ட் லேக் நகரில் கூடிய சபை மாநாடு, இவர்களை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அதே மாநாட்டில்தான் சபை பலதார மணத்தைத் தன் கொள்கையென்று முதல்முறையாக உலகறிய ஒப்புக்கொண்டது. ஊழியர்களுக்கு அதைவிட மோசமான சீதனத்தைக் கொடுத்து அனுப்ப முடியாது. மதராஸில் எங்கே போனாலும் அதே கேள்வி: உங்கள் ஊரில் ஆளுக்கு எத்தனை மனைவி?

பாலன்டைன் சும்மா இருக்கவில்லை, அச்சகத்தைத் தேடிப் போனார். எதிர்த்து வந்த துண்டுப் பிரசுரத்துக்கு மறுப்பு எழுதினார். 1854இல் மதராஸிலேயே ஒரு மாத இதழைத் தொடங்கினார். பலதார மணத்தைப் பற்றி இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல ஒரு சிறுநூலும் போட்டார். ஒன்றும் எடுபடவில்லை. அந்த ஆண்டே அவர் மதராஸை விட்டுக் கிளம்பினார். ஸ்கெல்டன் இன்னும் சிறிது காலம் தாக்குப்பிடித்தார். 1850களின் நடுவிலேயே இந்திய மிஷன் அடங்கிவிட்டது.

மார்மன் சபையின் வரலாற்றைப் பத்திரிகைகளின் வரலாறாகவே எழுதிவிடலாம். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் சாவே ஒரு பத்திரிகையில்தான் தொடங்கியது. 1844 ஜூன் 7 அன்று, இல்லினாய் மாநிலத்து நாவூ நகரில், சபையை விட்டு விலகியவர்கள் 'நாவூ எக்ஸ்பாசிட்டர்' என்ற ஏட்டைக் கொண்டுவந்தார்கள். ஸ்மித் ரகசியமாகப் பல பெண்களை மணந்திருக்கிறார் என்பது அதன் முக்கியமான குற்றச்சாட்டு. நகரத் தலைவரும் ஸ்மித்தே. மூன்றாம் நாள் அச்சு இயந்திரத்தை உடைக்கச் செய்தார். ஏடு ஒரே இதழோடு நின்றது. ஆனால் அச்சகத்தை உடைத்ததில் தொடங்கிய வழக்குகளே அவரைக் கார்த்தேஜ் சிறைக்குக் கொண்டுபோயின. ஜூன் 27 அன்று ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து அவரைச் சுட்டுக் கொன்றது. செய்தியை மறைக்கப் போய் உயிரையே கொடுத்தார்.

அதன்பின் கதையை மற்றவர்கள் எழுதினார்கள். ஷெர்லக் ஹோம்ஸ் அறிமுகமாகும் முதல் நாவல், 1887இல் வந்த 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்', தன் இரண்டாம் பகுதியில் பெரும்பாலும் மார்மன்களை வில்லன்களாக்கியே நகர்கிறது. அதை எழுதும்போது கானன் டாயில் யூட்டா மண்ணை மிதித்ததே இல்லை. 1923இல் அவர் சால்ட் லேக் நகருக்கு வந்தபோது, மார்மன்கள் தங்கள் பெரிய மண்டபத்திலேயே அவரைப் பேச வைத்தார்கள். அந்தப் பெருந்தன்மை நாவலில் திருத்தமாக ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

பலதார மணத்தைச் சபை 1890இல் கைவிட்டது. இன்று ஒருவர் இரண்டாம் மனைவி வைத்திருந்தால் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார். அதை விடமாட்டோம் என்று பிரிந்து போன சிறு குழுக்கள் தனி. சிறுமிகளைக் கெடுத்த குற்றத்துக்காக 2011இல் ஆயுள் தண்டனை பெற்ற வாரன் ஜெஃப்ஸ் அப்படியொரு குழுவின் தலைவர். தொலைக்காட்சித் தொடர்களுக்கு இந்த வித்தியாசம் அலுப்பூட்டுவது. அவற்றைப் பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றே.

2011, 2012இல் மார்மனான மிட் ராம்னி அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு நின்றபோது வெளிச்சம் மறுபடி விழுந்தது. அதே சமயம் பிராட்வேயில், சபையின் வேதநூலின் பெயரையே தாங்கிய 'தி புக் ஆஃப் மார்மன்' என்ற நையாண்டி இசை நாடகம் சக்கைப்போடு போட்டு ஒன்பது டோனி விருதுகளை அள்ளியது. 1844இல் அச்சகத்தை உடைத்த சபை இப்போது செய்ததைக் கவனியுங்கள்: நாடகத்தின் நிகழ்ச்சிக் கையேட்டிலேயே காசு கொடுத்து விளம்பரம் போட்டது. நாடகம் பார்த்துவிட்டீர்கள், இனி அசல் புத்தகத்தையும் படியுங்கள் என்பது அதன் சாரம். சாமர்த்தியம்தான்.

இணையத்திடம் அந்தச் சாமர்த்தியம் பலிக்கவில்லை. ஜான் டெலின் 2005இல் தொடங்கிய 'மார்மன் ஸ்டோரீஸ்' ஒலித்தொடரில், சபைக்குள் சந்தேகப்பட்டவர்கள் மணிக்கணக்கில் பேசினார்கள். 2013இல் ஜெரமி ரன்னல்ஸ் தன் சந்தேகங்களைக் கடிதமாக எழுதி இணையத்தில் விட்டார். அது காட்டுத்தீயாகப் பரவியது. வேறு வழியின்றிச் சபையே தன் வரலாற்றின் சங்கடங்களைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டது. ஸ்மித்துக்கு 30 முதல் 40 மனைவியர் இருந்திருக்கலாம் என்ற கணக்கு 2014இல் சபையின் சொந்தத் தளத்திலேயே வந்தது. நியூயார்க் டைம்ஸ் அதைச் செய்தியாக்கியது. அதற்கு 170 ஆண்டுக்கு முன் அச்சு இயந்திரத்தை உடைத்து மறைத்த விஷயம் அது. டெலினோ 2015இல் சபையிலிருந்து நீக்கப்பட்டார்.

காசு விவகாரம் அடுத்தது. சபையின் முதலீட்டு நிறுவனம் சுமார் 10,000 கோடி டாலர் சேர்த்து வைத்திருப்பதாக 2019 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. பங்குகளைப் பெயரளவிலான நிறுவனங்களுக்குப் பின்னால் மறைத்ததற்காக, 2023இல் சபையும் அதன் முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து 50 லட்சம் டாலர் அபராதம் கட்டின. சபை உறுப்பினர் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தச் செய்தியின் கனம் தெரியும்.

நல்ல செய்தித்தொழிலுக்கும் இதில் உதாரணம் உண்டு. சால்ட் லேக் நகரில் சபைக்குச் சொந்தமான 'டெசரட் நியூஸ்' 1850இலிருந்தே இருக்கிறது. அதிருப்தி மார்மன்கள் 1871இல் தொடங்கிய 'சால்ட் லேக் டிரிப்யூன்' எதிரே நிற்கிறது. சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவிகளே ஒழுங்கு விசாரணைக்கு இழுக்கப்பட்டதை டிரிப்யூன் அம்பலமாக்கி, 2017இல் புலிட்சர் பரிசு பெற்றது. பல்கலைக்கழகம் விதியை மாற்றியது. அந்தச் செய்தியாளர்கள் கேட்டது மனைவி எத்தனை என்பதை அல்ல. புகார் கொடுத்த பெண்ணுக்கு என்ன நடந்தது என்பதை.

சரி, நம் பக்கம்? 1954இல் கோயம்புத்தூரில் சிமெண்ட் ஆலைக் கணக்கராக இருந்த எஸ். பால் திருத்துவதாஸ் கையில் சபையின் பிரசுரம் ஒன்று தற்செயலாகக் கிடைத்தது. அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினார். பாலன்டைன் ஓராண்டு அச்சடித்தும் நடக்காதது, ஒரு துண்டுத்தாளால் நடந்தது. காத்திருப்பு மட்டும் நீண்டது: 1965இல்தான் ஞானஸ்நானம்.  1982இல் மார்மன் புத்தகத்தின் பகுதிகள் தமிழில் வந்தன. 1993இல் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட மிஷன் உருவானது. அதன் முதல் தலைவர் பஞ்சாபில் பிறந்த கணிதப் பேராசிரியர் குர்சரண் சிங் கில். இந்தியா முழுக்க உறுப்பினர்கள் சுமார் 15,000 பேர். நம் மக்கள்தொகையில் இது ஒன்றுமில்லை. ஆனாலும் 2018 ஏப்ரலில் அப்போதைய சபைத் தலைவர் ரஸல் நெல்சன் பெங்களூருவுக்கு ஆலயம் அறிவித்தார். 2020 டிசம்பரில் அதற்கு மண் வெட்டினார்கள். நாட்டில் ஆலயம் இல்லாததால், ஆலயச் சடங்கோடு திருமணம் செய்ய விரும்பிய இந்தியத் தம்பதிகள் ஹாங்காங் வரை விமானம் ஏற வேண்டியிருந்தது.

பாலக்கோட்டுக்காரருக்கு பெங்களூரு வெளியூரே அல்ல. மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை, ஓசூர் என்று ரயில் போய்க்கொண்டே இருக்கும். தினமும் தக்காளி போவதும் ஆள் போவதும் அந்த வழியில்தான். தமிழ் மார்மன் குடும்பம் ஒன்றைச் சந்திக்க யூட்டா வரை போக வேண்டியதில்லை. சந்தித்தால் கேட்க எவ்வளவோ உண்டு. காபியும் டீயும் கூடாது என்பது 1833இன் அறிவுரையிலிருந்து வளர்ந்த இவர்கள் சபையின் விதி. கல்யாண வீட்டில் காபித் தம்ளரை நீட்டும் மாமியாரிடம் என்ன சொல்கிறார்கள்? மாதத்தின் முதல் ஞாயிறு நோன்பு, உள்ளூர்ச் சபையை நடத்துபவருக்குச் சம்பளமே கிடையாது என்ற ஏற்பாடு, வெள்ளைச் சட்டையும் டையுமாகத் தெருவில் நடக்கும் இளைஞரை அக்கம்பக்கம் பார்க்கும் பார்வை, ஏற்கெனவே சி.எஸ்.ஐ.யிலோ கத்தோலிக்கத்திலோ இருக்கும் உறவினர்களின் கோபம் என்று ஒவ்வொன்றும் ஒரு கட்டுரைக்குத் தாங்கும். சபையின் 10,000 கோடி டாலரைப் பற்றிப் பத்தில் ஒரு பங்கு கொடுக்கும் கோயம்புத்தூர்க்காரர் என்ன நினைக்கிறார் என்பதை அவரிடமே கேட்கலாம்; கேட்கவும் வேண்டும்.

பலதார மணத்தைப் பற்றி எழுத அமெரிக்கப் பத்திரிகைகள் போதும். தமிழ் மார்மன்களைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகள் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.