‘நான்தான் கீபோர்டு’ என்றால் நம்பிவிடும் கம்ப்யூட்டர்! தெரியுமா?

சங்கரன்கோவில் ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடுகிறார்கள். சேலையில் ஒட்டிய பார்கோடு மீது ஸ்கேனரைக் காட்டியதும் ‘பீப்’! திரையில் எண் வந்து விழுகிறது. அந்த ஸ்கேனரைக் கம்ப்யூட்டர் என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறது தெரியுமா? கீபோர்டு என்று! யுஎஸ்பி ஸ்கேனர்களில் பெரும்பாலானவை எண்களைத் தாங்களே ‘தட்டி’, முடிவில் என்டரையும் தட்டிவிடுகின்றன. இந்த வேடத்தை மைக்ரோகண்ட்ரோலர் என்ற சின்னஞ்சிறு சிப்பை வைத்து நீங்களும் போடலாம்!

அடையாள அட்டையே கேட்காது, தெரியுமா?
யுஎஸ்பியில் எதைச் செருகினாலும், ‘நான் இன்னார்’ என்று அதுவே அறிமுகம் செய்துகொள்ளும். ‘கீபோர்டு’ என்று சொன்னால் போதும். கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் நம்பிவிடும்!

ஒரே உடலில் இருவர், தெரியுமா?
2012-இல் வந்த ‘ஆர்டுயினோ லியோனார்டோ’ என்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகையில் இருப்பது ஏடிமெகா32யூ4 சிப். வேலைக்கான நினைவகம் வெறும் 2.5 கிலோபைட்! ஆனாலும் ஒரே கேபிளில், ஒரே நேரத்தில் கீபோர்டாகவும் மவுஸாகவும் காட்சி தரும். சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் தவமிருந்து கண்ட, சிவனும் திருமாலும் ஒன்றான சங்கரநாராயணர் கோலம் போல, பாதி இது, பாதி அது! பலரும் வைத்திருக்கும் பழைய ஆர்டுயினோ ஊனோ பலகைக்கு இந்தச் சித்து எளிதில் கைவராது. அதன் முதன்மைச் சிப்பில் யுஎஸ்பி வசதியே இல்லை.

எட்டே பைட், தெரியுமா?
வழக்கமான கீபோர்டு ஒவ்வொரு முறையும் அனுப்புவது 8 பைட் தகவல்தான். ஷிஃப்ட், கண்ட்ரோல் போன்றவற்றுக்கு ஒன்று, சும்மா இருக்க ஒன்று, மற்ற விசைகளுக்கு ஆறு. இந்த எட்டு பைட்டை அச்சு அசலாக அனுப்பினால், தட்டியது விரலா சிப்பா என்று கண்டுபிடிக்க கம்ப்யூட்டரால் முடியாது!

கீபோர்டுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது, தெரியுமா?
அது எழுத்தை அனுப்புவதே இல்லை. விசைக்குரிய எண்ணை மட்டுமே அனுப்புகிறது. சிப் 11 என்று அனுப்பினால் ஆங்கில அமைப்பில் ‘எச்’ விழும். அதே 11, தமிழ்99 அமைப்பில் ‘க’ ஆகிவிடும்! எழுத்தை முடிவு செய்வது கம்ப்யூட்டர்தான்.

மவுஸுக்குத் தான் இருக்கும் இடமே தெரியாது, தெரியுமா?
‘வலப்பக்கம் இத்தனை, கீழே இத்தனை’ என்று நகர்ந்த அளவை மட்டுமே அது சொல்லும். அம்புக்குறி திரையில் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது!

எட்டுக் கால் அதிசயம், தெரியுமா?
ஏடிடைனி85 சிப்புக்கு எட்டே கால்கள், 512 பைட் நினைவகம். யுஎஸ்பிக்கான மின்சுற்று உள்ளே கிடையாது. ஆனால் வி-யுஎஸ்பி என்ற மென்பொருள், கால்களை நேரம் பிசகாமல் ஏற்றி இறக்கி, நொடிக்கு 15 லட்சம் பிட் வேகத்தில் யுஎஸ்பியாகவே நடிக்கிறது!

வாழைப்பழத்திலும் தட்டலாம், தெரியுமா?
எம்ஐடி மீடியா லேபைச் சேர்ந்த ஜே சில்வரும் எரிக் ரோசன்பாமும் 2012-இல் ‘மேக்கி மேக்கி’ பலகையைக் கொண்டுவந்தார்கள். பழத்தைத் தொட்டால் நம் உடல் வழியே சுற்று முழுமையாகும். உடனே கம்ப்யூட்டருக்குப் போவது ஒரு விசைத் தட்டல். வாழைப்பழ வரிசையே பியானோ!

கடிவாளம் வேண்டும், தெரியுமா?
சிப் ஓயாமல் தட்டத் தொடங்கினால், அதை நிறுத்தப் புது புரோகிராம் ஏற்றுவதே பெரும்பாடாகிவிடும். அதனால்தான் ஆர்டுயினோவின் வழிகாட்டியே எச்சரிக்கிறது. ஒரு சுவிட்ச் வையுங்கள், அதைப் போட்டால் மட்டும் தட்டட்டும்!

பென் டிரைவ் வேடத்தில் திருடன், தெரியுமா?
2014-இல் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹேட் மாநாட்டில், கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் இருவரும் பென் டிரைவையே கீபோர்டாக மாற்றி அதிரவைத்தார்கள். அதன் பெயர் ‘பேட்யுஎஸ்பி’. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் எஃப்பிஐ, இத்தகைய யுஎஸ்பிகள் நிறுவனங்களுக்குப் பார்சலிலேயே வருவதாக எச்சரித்தது. செருகியதும் தானே கட்டளைகளைத் தட்டிவிடும்! யாரோ கொடுத்த பென் டிரைவா? தொடாதீர்கள்!

கம்ப்யூட்டரின் அதே ஏமாளித்தனம் ஒரு வரம், தெரியுமா?
சென்னை ஐஐடியில் உருவான ‘அதிதி’ என்ற யுஎஸ்பி கருவி, மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கானது. கையோ காலோ தலையோ, எது அசைந்தாலும் அந்த அசைவைத் தொடாமலே உணர்ந்து மவுஸ் கிளிக்காக மாற்றிவிடும். மவுஸைப் பிடிக்க முடியாத குழந்தை படத்தைத் தேர்ந்தெடுக்கிறது, சொல்ல நினைத்ததைச் சொல்கிறது! கம்ப்யூட்டர் மட்டும் ஆள் பார்த்து நம்புவதாக இருந்தால் இது நடக்குமா?