சிலைகள் எழுந்த ஆண்டில் வந்த நூல்

1968 ஜனவரியில் சென்னை விழாக்கோலம் பூண்டிருந்தது. இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் வள்ளுவர், ஔவையார், கண்ணகி எனப் பத்துச் சிலைகள் எழுந்தன. ஆட்சிக்கு வந்து ஓராண்டு நிறையாத தி.மு.க.வுக்குச் சங்க காலம் தமிழரின் பொற்காலம். அதே ஆண்டில்தான் ஆக்ஸ்போர்டிலிருந்து, ஈழத்து ஆய்வாளர் க. கைலாசபதியின் ‘தமிழ் ஹீரோயிக் பொயட்ரி’ என்ற ஆங்கில நூல் வெளிவந்தது.

பொற்காலம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. இனக்குழு வாழ்க்கை உடைந்து அரசுகள் உருவான, ஓயாத போர்களின் காலத்தைத்தான் கைலாசபதி சங்கப் பாடல்களில் கண்டார். கொழும்பில் ‘தினகரன்’ ஆசிரியராக இருந்தவர், பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்யச் சென்றார். கிரேக்க இலக்கியத்தை மார்க்சிய நோக்கில் விளக்கிய அறிஞர் தாம்சன். ஹோமரின் காவியங்களில் திரும்பத் திரும்ப வரும் தொடர்கள், எழுதாமல் பாடியவர்களின் தொழில்நுட்பம் என்று மில்மன் பாரி காட்டியிருந்தார். அந்த அளவுகோலைப் புறநானூற்றுக்கும் ஆற்றுப்படைகளுக்கும் கொண்டுவந்தார் கைலாசபதி. இவையும் வாய்மொழிப் பாடல்களே என்பதற்கு, அடைமொழிகளும் ஒரே வாய்பாட்டில் அமைந்த அடிகளும் அவருக்குச் சான்றுகளாயின.

அந்த ஆய்வின் நடுவே வந்து நின்றவர்கள் பாணர், பொருநர், விறலியர். யாழைச் சுமந்துகொண்டு, பசியோடு, வள்ளல் வீடு தேடி நடந்தவர்கள். மன்னர்களின் பெருமையை மட்டுமே தேடிப் படித்த நம் பாடநூல்கள் இவர்களை உழைப்பாளிகளாகப் பார்த்ததில்லை. என்னைப் பொறுத்தவரை நூலின் பெரும் பேறு இதுதான்.

மறுப்புகளும் வந்தன, வலுவாகவே. 1975இல் வெளியான தம் நூலில் அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட், சங்கப் பாடல்கள் வாய்மொழிப் பாடல்கள் அல்ல, பாணர் மரபைப் பின்பற்றி எழுத்தறிந்த புலவர்கள் இயற்றியவை என்று வாதிட்டார். ஹார்ட் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஹோமரின் நெடுங்கதையும் குறுந்தொகையின் சில அடிகளும் ஒரே வகையல்ல; அகப்பாடலின் நுண்மை வாய்பாட்டுக்குள் அடங்குவதுமில்லை. ஆனால் ஹார்ட்டும் பாணர்களைக் கடந்து போக முடியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாடலைப் பாடியவன் யார், அவனுக்குச் சோறு போட்டவன் யார் என்ற கேள்வியைக் கைலாசபதி எழுப்பிய பிறகு, அதை ஒதுக்கிவிட்டுச் சங்க இலக்கியம் பேசுவது எளிதல்ல.

அதே தாம்சனிடம் பயின்ற கா. சிவத்தம்பி, பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்து இதே பாதையை நீட்டினார். கைலாசபதி 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்துக்கு முதல் தலைவரானார்; 1982இல், ஐம்பது வயதைத் தொடும் முன்பே மறைந்தார்.

தமிழ் முதுகலை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைலாசபதியையும் ஹார்ட்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். பிறகு புறநானூற்றின் 335ஆம் பாடலுக்குப் போங்கள். துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நால்வரையும் மாங்குடி கிழார் எந்த இடத்தில் வைத்துப் பாடுகிறார் என்று நீங்களே பாருங்கள்.