மனத்தில் நின்ற கீர்த்தனைகள்

வாழ்வின் பருவங்கள் மாறுங்கால் விசுவாசம் எவ்வாறு நிலைக்கிறது என்னும் வினாவுக்குப் பிரசங்கியின் புத்தகத்து மூன்றாம் அதிகாரத்தை விரித்துரைத்து விடை கூறுவது வழக்கம். அது நல்ல விடையே. ஆயினும், தாமிரபரணிக்குத் தெற்கே தேரி மணலும் பனங்காடும் சூழ்ந்த சிற்றூர்களில், ஞானஸ்நானம் பெற்ற நாள் தொட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பெறும் நாள் வரையில் ஒரு கிறிஸ்தவனைப் பிரியாது தொடர்ந்து வந்தவை எவை என்று ஆராய்ந்தால், அவன் கேட்ட பிரசங்கங்களைக் காட்டிலும் அவன் பாடிய கீர்த்தனைகளே முன்னிற்கும் என்பது என் துணிபு.

ஓய்வுநாள் பாடசாலையில் 23, 91, 121 ஆகிய சங்கீதங்களைப் பாராமல் ஒப்புவித்த பிள்ளை, திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகுங்கால் பத்துக் கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் ஒப்புவித்தான். வயது வந்து, மூன்று ஞாயிறுகள் ஆலயத்தில் ஓலை வாசிக்கப்பெற்று மணவறையில் நின்றபோது, அவன் அறிந்த பாட்டுகளே அவனை வாழ்த்தின. பங்குனி, சித்திரையில் பதனீர்ப் பருவம் முற்றியதும், ஊரை விட்டு விளையில் குடிசை கட்டித் தங்கிய குடும்பங்களுக்கு ஆலய மணியின் ஓசையும் எட்டாது. உபதேசியார் வருவதும் அரிது. கருப்பட்டி காய்ச்சும் அடுப்பின் வெம்மையில் நின்ற பெண்களோ, எழுத்தறியாதவராயினும், உபதேசியார் அடியடியாய்ச் சொல்லக் கேட்டு மனத்திற் பதித்த கீர்த்தனைகளைப் பாடிக்கொண்டே துடுப்பினால் கிண்டினர். உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை ஆலயத்துக்கென எடுத்து வைத்த அவர்களது கரங்களும், பாட்டை மறவாத அவர்களது நாவுமே அக்காலத்துத் திருச்சபையின் பெருஞ்செல்வம்.

இக்கீர்த்தனைகளை நமக்களித்த புலவர்களும் பருவ மாற்றங்களின் கடுமையை அறியாதவரல்லர். திருநெல்வேலியில் 1774இல் பிறந்து, பாலியத்திலேயே தஞ்சைக்குச் சென்று, ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிப் புகழெய்திய கவிராயர், அரசவையின் ஆதரவையும் கண்டார். திருச்சபைப் பணியை இழந்த துன்பத்தையும் கண்டார். எனினும் 1864இல் மறையும் வரை, ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளின் இன்பதுன்பங்களைக் கடந்து, விசுவாசத்தில் நிலைநின்றார். வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனைக் கற்றுத் தேர்ந்து, முப்பது வயது கடந்தபின் 1858இல் ஞானஸ்நானம் பெற்ற மற்றொரு புலவர், வாழ்வையே ஒரு நெடும் யாத்திரையாகக் கண்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காவியத்தை 1894இல் வெளியிட்டபோது, வயது அறுபதைக் கடந்திருந்தார். இளமையில் பெற்ற தமிழ்க் கல்வி முதுமையில் பக்திக்குப் பயன்பட்டதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

என் கவலை இவ்விடத்தில்தான் தொடங்குகிறது. நான் அறிந்த ஒரு மூதாட்டி, கண்ணொளி முற்றும் மங்கி, பெற்ற மக்களின் பெயரையும் மாற்றியழைக்கும் நிலையை எய்திய பின்னரும், அந்திப் பொழுதில் எவரேனும் ஒரு கீர்த்தனையின் பல்லவியை எடுத்துக் கொடுத்தால், அனுபல்லவியும் சரணங்களும் ஒன்றும் பிறழாமல் பாடி முடிப்பார். இளமையில் பயின்ற இசை, ஏனைய நினைவுகள் நழுவிய பின்னரும் நெடுநாள் தங்குவதுண்டென்று மருத்துவரும் கூறுவர். வேதாகமத்தைக் கையிலேந்தவும் வலியற்ற பருவத்தில் அவருக்குத் துணையாய் நின்றது, பத்து வயதில் அவர் நெஞ்சில் வைத்த வித்தே. இன்றைய ஆலயங்களிலோ வெண்திரையில் எழுத்துகள் தோன்றுகின்றன. மக்கள் பார்த்துப் பாடுகின்றனர். திரை அணைந்ததும் பாட்டும் அவர்களை விட்டு அகலுகிறது. புதுப் பாடல்கள் சில மாதங்கள் பாடப்பெற்று, அவை மனத்திற் பதியுமுன்னரே வேறு பாடல்களுக்கு இடங்கொடுத்து மறைகின்றன.

திரையிலுள்ள பெரிய எழுத்து முதியோர்க்கு உதவுமென்றும், விசுவாசம் ஒழுக்கத்தில் விளங்குவதேயன்றி மனப்பாடத்தில் இல்லையென்றும் சொல்வாருளர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் அந்தத் தனிமையில், துணைவியை அடக்கம் செய்து திரும்பிய இரவில், பிள்ளைகள் தூரதேசம் சென்றபின் வெறுமையாய்க் கிடக்கும் வீட்டில், திரை எங்கிருந்து வரும்? எழுபத்தோராம் சங்கீதத்தின் முதியவரைப் போல மன்றாடுவதற்கும், மன்றாட்டின் சொற்கள் முன்னரே நாவிற் பழகியிருத்தல் வேண்டுமல்லவா?

ஆலயத்தைக் காட்டிலும் வீடே இதற்குரிய பள்ளி. இரவு உணவுக்கு முன் பாயை விரித்து, பாட்டி பாட, தந்தை வேதபாகம் வாசிக்க, கடைக்குட்டி தூக்கக் கலக்கத்தோடு கர்த்தருடைய ஜெபத்தில் கலந்துகொண்ட குடும்ப ஜெபம் பல இல்லங்களில் இன்று மெல்லக் கைவிடப்படுகிறது. வேலை நேரங்கள் ஒவ்வாமையும் பிள்ளைகளின் பாடச் சுமையும் காரணமென்பர். நாள்தோறும் கூடாவிடினும், வாரத்தில் ஒரு மாலை, ஒரே கீர்த்தனையை மாதம் முழுதும் புத்தகமின்றிப் பாடிவரலாகாதா? ஆண்டுக்குப் பன்னிரண்டாயின், பள்ளிப் படிப்பை முடிக்குமுன் ஒரு பிள்ளையின் நெஞ்சில் நூறு கீர்த்தனைகளுக்குக் குறையாமல் தங்கும்.

இதற்கும் காலம் அதிகமில்லை. அச்சிட்ட கீர்த்தனைப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இராகமும் தாளமும் குறிக்கப்பெற்றிருப்பினும், ஊர்ச் சபைகளில் வழங்கும் மெட்டுகளுட் பல அக்குறிப்புக்குள் அடங்குவனவல்ல. சுரப்படுத்தப்பெறாத அவை இன்று முதியோர் சிலரிடத்தே உயிரோடிருக்கின்றன. ஆகவே, பேரப்பிள்ளைகள் தத்தம் பாட்டிமார் அருகில் அமர்ந்து அவற்றைக் கேட்டுப் பாடிப் பழகும் பணியை அடுத்த விடுமுறைக்கென்று ஒத்தி வையாது, இந்த லெந்து காலத்திலேயே தொடங்குதல் வேண்டும்.