அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்றால் பிள்ளைக்கும் வருமா?

மலேசியாவில் காப்பார், மேரு பக்கம் சம்பந்தம் பேசும் வீடுகளில் சில நோய்களின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பெண்ணின் அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று காதில் விழுந்தால் போதும், "வம்சத்துலேயே இருக்காம்" என்று பேச்சு அதோடு நின்றுவிடும். எத்தனையோ பிள்ளைகளின் வாழ்க்கையைத் தடுக்கும் இந்தப் பயத்தில் பெரும்பகுதிக்கு ஆதாரமே இல்லை.

சி.எம்.எல். எனப்படும் நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பீட்டர் நோவலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் நோயாளிகளின் ரத்த அணுக்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதால் வந்தது அது என்று 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். இந்தக் கோளாறு எலும்பு மஜ்ஜையின் ஓர் அணுவில் பின்னாளில் நேர்வது. விந்தணுவிலோ கருமுட்டையிலோ அது இருப்பதில்லை என்பதால் பிள்ளைக்குப் போக வழியில்லை. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவரிடம் நோயும் அந்தக் குட்டைக் குரோமோசோமும் இருக்க, மற்றவரிடம் இரண்டுமே இல்லாததை 1960-களிலேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? 2001-இல் இமாடினிப் மாத்திரை வந்தது முதல், அதை ஒழுங்காகச் சாப்பிடும் பலர் வேலைக்குப் போய்க்கொண்டு, குடும்பத்தை நடத்திக்கொண்டு இருக்கிறார்கள்.

ஆனால் எல்லா நாட்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கும் இதே பதில் சொல்ல முடியாது. சிவப்பணுக்களோ தட்டணுக்களோ அளவுமீறிப் பெருகும் நோய்களில், நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளுக்கு அபாயம் ஐந்திலிருந்து ஏழு மடங்கு என்று 2008-இல் வெளியான சுவீடன் ஆய்வு சொன்னது. கேட்டதும் நெஞ்சு பதறும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய் ஏழு மடங்கானால், ஏழு பேருக்கு வரும். மீதி 99,993 பேருக்கு அந்த ஆண்டில் வராது. இந்த நோயாளிகளில் பலரிடம் காணப்படும், 2005-இல் கண்டறியப்பட்ட ஜாக்2 மரபணு மாற்றம்கூடப் பெற்றோரிடமிருந்து வருவதில்லை. அது தோன்ற இடம்கொடுக்கும் வாகுதான் வழிவழியாக வருகிறது.

நாட்பட்ட லிம்ஃபோசைட் ரத்தப் புற்றுநோய்தான் குடும்பத் தொடர்பு மிக அதிகமான வகை. நல்லவேளையாக, ஆசிய மக்களிடம் அது அரிது.

வெகுசில குடும்பங்களில் மட்டும் கோளாறே பிறவியில் வருகிறது. ரன்எக்ஸ்1, டிடிஎக்ஸ்41 போன்ற மரபணுக்களின் பிறவி மாற்றங்களை உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் தன் வகைப்பாட்டில் தனியாகவே சேர்த்தது. இவை பெரும்பாலும் தீவிர வகை ரத்தப் புற்றுநோய்க்கு இட்டுச் செல்பவை. இங்கேதான் நோயை மறைக்கும் பழக்கம் உயிரோடு விளையாடுகிறது. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்படும் அண்ணனுக்குத் தம்பியின் மஜ்ஜை பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பொருந்திய தம்பியும் அதே பிறவி மாற்றத்தைச் சுமந்திருந்தால், கொடுத்த மஜ்ஜையிலிருந்தே நோய் மறுபடி முளைக்கலாம். ஆகவே மருத்துவர் குடும்ப விவரம் கேட்கும்போது, "மாமாவுக்கு ரத்தத்துல ஏதோ பிரச்சினை" என்று முடித்துவிடாதீர்கள். தாய்வழியா தந்தைவழியா, என்ன நோய், எத்தனை வயதில் வந்தது என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.