கொழும்பில் இருவருக்கு மூன்று நாள்

அக்கராயனிலிருந்து கொழும்புக்குச் செல்வோர் பெரும்பாலும் கடவுச்சீட்டுக்கோ வைத்தியசாலைக்கோ செல்பவரே. ஊர் பார்ப்பதற்கென்றே கணவனும் மனைவியும் புறப்படுதல் அரிது. காலபோக அறுவடை முடிந்தபின் ஒருமுறை சென்றுவந்தால் என்ன? சிறுபோக விதைக்கும் உரத்துக்கும் வேண்டிய பணத்தை மட்டும் முன்கூட்டியே ஒதுக்கிவைத்துவிடுதல் வேண்டும். கிளிநொச்சிக்கு 2013ஆம் ஆண்டிலே புகைவண்டி மீண்டும் வந்தபின் பயணமும் எளிதாயிற்று.

தங்குவதற்கு வெள்ளவத்தையையே நாம் சொல்வோம். தமிழ் பேசலாம், சைவ உணவுக்குக் குறைவில்லை, மாலையில் கடற்கரைக்கு நடந்தே செல்லலாம். காலிமுகத்திடலருகே 1864இல் எழுந்த பெரிய ஹோட்டலில் ஓரிரவுக்கு ஆகும் செலவில் இங்கே சிறு விடுதியொன்றில் மூன்றிரவும் தங்கலாம். ஆசையிருப்பின் அங்கே தேநீர் மட்டும் அருந்திவரலாம், அதிலே குறையொன்றுமில்லை.

பலரும் பாராது விடும் இடங்கள் வட கொழும்பிலே உள. கொச்சிக்கடையிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பணி செய்வித்த பொன்னம்பலவாணேசர் கோவிலைக் காலையிலே தரிசித்தல் நன்று; வெயிலேறிய பின்னரும் உள்ளே குளிர்ச்சி நிலவும். அயலிலே 1757இல் திறக்கப்பெற்ற ஒல்லாந்தர் தேவாலயம் மேட்டின்மீது நிற்கிறது. அதன் தளத்திலே பதித்த கல்லறைக் கற்களை நிதானமாகப் பார்க்கலாம். கோட்டையிலே, முன்னர் கலங்கரை விளக்கமாகவும் விளங்கிய மணிக்கூட்டுக் கோபுரம் தெருச்சந்தியிலேயே உண்டு.

புறக்கோட்டைக் கடைகளை இறுதி நாளுக்கு வைத்துக்கொள்க. முதல்நாளே நுழைந்தால் எஞ்சிய நாள்கள் பொதி சுமப்பதிலேயே கழிந்துவிடும்.