கட்டும் கணக்கும் வாய்தாவும்: சிறு வழக்கறிஞர் அலுவலகம் நடத்துவது எப்படி

தாலுகா தலைநகரிலோ மாவட்டத் தலைநகரிலோ நீதிமன்றத்துக்கு எதிரே ஓர் அறை, ஒரு குமாஸ்தா, கூடினால் இரண்டு ஜூனியர்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான வழக்கறிஞர்களின் அலுவலகம் இவ்வளவுதான். சட்டக் கல்லூரியில் ஒப்பந்தச் சட்டமும் சாட்சியச் சட்டமும் கற்கலாம். வாடகையை எப்படிச் சமாளிப்பது, கட்டணத்தை எப்படிப் பேசுவது, கெடு தப்பாமல் எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லை. தொழிலில் தடுமாறும் வழக்கறிஞர்களில் பலருக்குச் சட்டம் நன்றாகவே தெரியும். அவர்கள் சறுக்கும் இடம் தேதியும் பணக்கணக்கும், கட்சிக்காரருக்குச் சொல்லாமல் விட்ட பதிலும்தான்.

தொழிலுக்குள் நுழைவது முன்பைவிடச் செலவு குறைந்ததாகியிருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் பதிவுக் கட்டணத்தைப் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 125 ரூபாய் என்று வரையறுத்திருந்தும், மாநில பார் கவுன்சில்கள் பல பெயர்களில் பல்லாயிரம் ரூபாய் வசூலித்து வந்தன. அப்படி வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவு செய்த இரண்டு ஆண்டுக்குள் அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும்.

அடுத்து சீனியரைத் தேடும் கட்டம். பேர்பெற்ற அலுவலகத்தில் பத்தாவது ஜூனியராக நிற்பதைவிட, நாள்தோறும் விசாரணை நடக்கும் நடுத்தர அலுவலகத்தில் இரண்டாவது ஜூனியராக இருப்பதே பெரும்பாலும் அதிகம் கற்றுத்தரும். பிராது எழுதுவது, ரிட்டன் ஆன மனுவைச் சரிசெய்து திரும்பத் தாக்கல் செய்வது, பிராசஸ் கட்டுவது, நகலுக்கு மனுப் போடுவது, சாட்சியை முதல் விசாரணை செய்வது எல்லாம் அங்கேதான் கைக்கு வரும். ஊதியமும் பேச வேண்டிய விஷயமே. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் 20,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 15,000 ரூபாய்க்கும் குறையாமல் ஜூனியர்களுக்கு உதவித்தொகை வழங்கப்பட வேண்டும் என்றது. நடைமுறை இன்னும் அதை எட்டவில்லை. குடும்பப் பின்னணி இல்லாத இளைஞர்கள், அதிலும் பெண்கள், இரண்டாம் ஆண்டிலேயே தொழிலை விட்டுப் போவதற்கு இந்தக் குறைந்த ஊதியம் ஒரு முக்கியக் காரணம். ஜூனியர் வைத்திருக்கும் சிறு வழக்கறிஞர் இதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

தனி அலுவலகம் தொடங்க வயதோ அனுபவ ஆண்டோ அளவுகோல் அல்ல. சீனியரின் வழக்குக் கட்டுகளைக் கணக்கில் சேர்க்காமல், தன்னையே தேடி வரும் கட்சிக்காரர்கள் சிலராவது இருக்கிறார்களா என்பதே முதல் கேள்வி. ஆறு மாத வாடகையும் வீட்டுச் செலவும் கையில் உண்டா என்பது இரண்டாவது. சிவில் வழக்கில் வேலை முந்தி நடக்கும், பணம் பிந்தி வரும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து அறை எடுப்பது நல்ல வழி. வாடகை, நூல்கள், அச்சுப்பொறி, குமாஸ்தா சம்பளம் எல்லாம் பகிரப்படும். ஆனால் கட்டுகளும் பூட்டும் தனித்தனியாகவே இருக்க வேண்டும். வழக்கறிஞர் அல்லாதவரோடு கட்டணத்தைப் பங்கிட விதிகள் இடம் தருவதில்லை. வழக்குப் பிடித்துத் தரும் புரோக்கருக்குக் கமிஷன் கொடுப்பதும் இதில் அடங்கும்.

அலுவலகத்தின் உயிர் தேதிப் புத்தகம். அதில் இரண்டு வகைத் தேதிகள் இருக்கின்றன. நீதிமன்றம் தரும் வாய்தா ஒன்று, சட்டம் விதிக்கும் கெடு மற்றொன்று. வாய்தாவைத் தவறவிட்டால் வழக்கு தள்ளுபடியாகலாம், எக்ஸ்பார்ட்டி ஆகலாம்; மனுப் போட்டு மீட்கலாம். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாணையை ரத்து செய்ய 30 நாள் உண்டு. கெடு தவறினால் பல நேரம் உரிமையே போய்விடும். டைரியில் வாய்தாவை எழுதுகிறவர்கள் கெடுவை மனதிலேயே வைத்திருப்பதுதான் ஆபத்து.

காசோலை வழக்கில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். காசோலை பணமில்லாமல் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து ஜூன் 10 அன்று கட்சிக்காரருக்குக் கிடைக்கிறது என்று கொள்வோம். 30 நாளுக்குள், அதாவது ஜூலை 10-க்குள், பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். ஜூலை 3 அன்று அனுப்பிய நோட்டீஸை எதிர்த்தரப்பு ஜூலை 8 அன்று பெற்றால், பணம் கொடுக்க அவருக்கு 15 நாள், ஜூலை 23 வரை. கொடுக்காவிட்டால் ஜூலை 24 அன்று வழக்குமூலம் பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார். அதற்கு முன் ஜூலை 20 அன்று அவசரப்பட்டுத் தாக்கல் செய்தாலும் புகார் நிற்காது. புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிக்கக் கோரலாம். நோட்டீஸுக்கு உரிய 30 நாளைத் தாண்டினால் அந்த வழி இல்லை. காசோலைக்கு உரிய 3 மாதத்தில் நாள் மிச்சமிருந்தால் மறுபடி வங்கியில் போட்டுப் புதிதாகத் தொடங்கலாம், அவ்வளவே. கட்சிக்காரர் முதன்முதலில் வாசலில் வந்து நிற்கும்போதே இந்தத் தேதிகள் அத்தனையும் புத்தகத்தில் ஏற வேண்டும்.

மற்ற வழக்குகளிலும் இப்படித்தான். ப்ரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து மூன்று ஆண்டு. இடையில் கெடுவுக்குள் பணம் செலுத்தி, கடனாளியின் கையெழுத்தோடு வரவு வைத்திருந்தால் அன்றிலிருந்து மூன்று ஆண்டு. சம்மன் கிடைத்தால் எதிர்வழக்குரைக்கு 30 நாள், நீதிமன்றம் நீட்டித்தால் 90 நாள். வழக்குத் தரப்பினர் இறந்தால் வாரிசுகளைச் சேர்க்க 90 நாள். ஊர்ப்புறத்துப் பாகப்பிரிவினை வழக்குகளில் இந்த 90 நாள்தான் பெரிதும் தவறுகிறது. இறந்த செய்தியை யாரும் வக்கீலிடம் சொல்வதில்லை, வக்கீலும் விசாரிப்பதில்லை. மூத்த வயதுள்ள தரப்பினர் இருக்கும் கட்டுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் விசாரிப்பதை வழக்கமாக்கினால் வழக்கு அற்றுப்போனதை ரத்து செய்யக் கோரும் மனுக்களும் தாமத மன்னிப்பு மனுக்களும் பல மிச்சமாகும்.

ஒரே தேதியை மூன்று இடத்தில் எழுதுவது நல்லது: வழக்கறிஞரின் டைரி, குமாஸ்தாவின் புத்தகம், கட்டின் மேலுறை. கெடு முடிவதற்குப் பத்து நாள் முன்னதாக ஒரு நினைவூட்டலும் வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வைத்து இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த தேதியைப் பார்க்கலாம். அந்தச் செயலி கட்சிக்காரர் கையிலும் இருக்கிறது. வாய்தா போனது வக்கீலுக்குத் தெரியும் முன் கட்சிக்காரருக்குத் தெரிந்துவிடுகிற காலம் இது.

எந்த வழக்கை எடுப்பது என்பதும் நிர்வாகமே. ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. பெரிய நகரத்தில் இது அரிதாக எழும் பிரச்சினை. சிற்றூரில் அண்ணன் தம்பி இருவருக்கும் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் ஒரே வக்கீலாக இருப்பார். பத்து ஆண்டு கழித்துத் தம்பி பாகம் கேட்டு வருவார். ஆலோசனைக்கு வந்தவர்களின் பெயர், எதிர்த்தரப்புப் பெயர், சொத்தின் சர்வே எண் ஆகியவற்றுக்கு ஒரு பதிவேடு இருந்தால், கட்டைப் பிரிக்கும் முன்பே இந்த முரண் தெரிந்துவிடும். தன் திறனுக்கு மீறிய வழக்கையும், வெல்ல வழியில்லை என்று தெரிந்தும் தம்பியைப் பழிவாங்கத் துடிக்கிறவரின் வழக்கையும் மறுக்கும் துணிவு முதல் ஆண்டுகளிலேயே வர வேண்டும். வாடகை கொடுக்க வேண்டிய மாதத்தில் அது கடினம்தான்.

கட்டணம் பேசக் கூச்சப்படுவது இளம் வழக்கறிஞர்களிடம் பரவலாக உள்ள குறை. “பார்த்துச் செய்யுங்க” என்று தொடங்கும் வழக்கு மனக்கசப்பில் முடிகிறது. வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் அன்றே, எந்தக் கட்டம் வரை எவ்வளவு கட்டணம், எப்போது எவ்வளவு தர வேண்டும், மேல்முறையீடு இதில் சேருமா என்பதை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். நீதிமன்றக் கட்டணம் தனி. தமிழ்நாட்டில் 2017 திருத்தத்துக்குப் பிறகு பணம் கோரும் வழக்குகளுக்கு அது வழக்குத் தொகையில் 3 சதவீதம், முன்பு 7.5 சதவீதமாக இருந்தது. பத்து லட்சத்துக்குத் தாவா போட வந்தவரிடம் 30,000 ரூபாய் அரசுக்குப் போகிறது, வக்கீல் கட்டணம் வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஜெயித்தால் கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவது இந்தியாவில் தொழில் விதிகளுக்கு முரண். விபத்து இழப்பீட்டு வழக்குகளில் இந்தப் பழக்கம் புரையோடியிருக்கிறது. அடிபட்ட குடும்பத்தின் பணத்தில் அது கைவைப்பதால் கண்டிப்பாக ஒழிய வேண்டியது.

பணம் வாங்கும்போது அது கட்டணமா, வழக்குச் செலவா என்று குறித்துக் கணக்கு வைக்க வேண்டும் என்கிறது விதி. செலவுக்கென்று வாங்கிய பணத்தைக் கட்சிக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கட்டணமாக மாற்றிக்கொள்ள முடியாது. கட்சிக்காரருக்காக வரும் தொகைக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்தால் இந்தத் தொல்லை பாதி தீரும். வழக்கறிஞர்கள் மீது பார் கவுன்சிலுக்குப் போகும் புகார்களில் பணம் பற்றியவைதான் கெட்ட பெயரை நிரந்தரமாக ஒட்டவைப்பவை. கட்டண பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைப்பதும் தவறு. வழக்குக் கட்டின் மீது வக்கீலுக்குப் பிடித்துவைக்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே ஆர்.டி.சக்சேனா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. பாக்கியை வசூலிக்க வேறு சட்ட வழிகள் உண்டு.

மூலப் பத்திரங்கள் அலுவலகத்தில் கிடப்பது இன்னொரு சுமை. நகல்களை வைத்துப் பிராது தயாரித்து, மூலத்தைத் தாக்கல் செய்ய வேண்டிய கட்டத்தில் மட்டும் வாங்கி, வாங்கியதற்கு ரசீதும் கொடுத்துவிட்டால் இருவருக்கும் நிம்மதி. வழக்கு முடிந்ததும் நீதிமன்றத்திலிருந்து பத்திரங்களைத் திரும்பப் பெற மனுப் போடுவதையும் வேலையின் ஒரு பகுதியாகக் கொள்ள வேண்டும்.

கட்சிக்காரர்கள் தோல்வியைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள்; தகவல் இல்லாமல் இருப்பதைப் பொறுப்பதில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்குப் பிறகும் அன்று மாலைக்குள் இரண்டு வரி வாட்ஸ்அப் செய்தி போதும்: இன்று என்ன நடந்தது, அடுத்து எப்போது, அவர் வர வேண்டுமா. ஆனால் வழக்குப் பற்றிய ஆலோசனை குடும்பக் குழுக்களில் போகக் கூடாது. ரகசியம் காக்கும் கடமை அங்கே கசியத் தொடங்கும். சமரசத்துக்கு வாய்ப்பிருந்தால் அதையும் முதலிலேயே சொல்வது நேர்மை. 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கியதுதான் இந்தியாவில் நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம்; இன்று மாவட்டங்களிலும் மையங்கள் உண்டு. சமரசம் செய்தால் கட்டணம் போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். எட்டு ஆண்டு வழக்கை எட்டு மாதத்தில் முடித்துக்கொடுத்தவரிடம் அடுத்த வழக்கும் வருவதே அனுபவம்.

விளம்பரம் செய்யத் தடை உண்டு. பெயர்ப் பலகை அளவாக இருக்க வேண்டும், வகித்த பதவிகளைப் பறைசாற்றக் கூடாது. 2008 முதல் வலைத்தளத்தில் பெயர், முகவரி, தொலைபேசி, பதிவு எண், தகுதி, கையாளும் துறை போன்ற வரையறுத்த விவரங்களை மட்டும் தரலாம். இணையச் சேவைகள் வழியே வழக்குத் தேடுவதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கண்டித்து நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. சட்ட உதவி முகாமில் பேசுவதும், உள்ளூர் இதழில் பட்டா மாறுதல் பற்றியோ வாரிசுச் சான்று பற்றியோ எளிய கட்டுரை எழுதுவதும், வழக்குப் பிடிக்கும் நோக்கம் கலக்காதவரை, மதிப்பாக அறிமுகமாகும் வழிகள்.

வருமான வரியில் சிறு தொழிலருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆண்டு வரவு 50 லட்சம் ரூபாய்க்கு மிகாதவர்கள் குறைந்தது பாதியை வருமானமாகக் காட்டி, விரிவான கணக்குப் புத்தகங்கள் இல்லாமலே வரி செலுத்தலாம். ஆனால் வரிக்குக் கணக்கு வேண்டாம் என்பதற்காக அலுவலகத்துக்கும் வேண்டாம் என்று ஆகிவிடாது. எந்த வகை வழக்கு எவ்வளவு நேரம் தின்றது, எவ்வளவு தந்தது என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்கிறவரே எதைக் குறைப்பது, எதில் ஊன்றுவது என்று முடிவெடுக்க முடியும்.

ஏனெனில் எல்லாம் எடுக்கும் அலுவலகம் பத்தாண்டுக்குப் பின் தளர்ந்துபோகிறது. நில வழக்கு, குடும்ப நீதிமன்றம், விபத்து இழப்பீடு, நுகர்வோர் வழக்கு என்று ஒன்றிரண்டில் ஊரறிந்த பெயர் வந்தால் சக வழக்கறிஞர்களே கட்டு அனுப்புவார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் இளையவர்களுக்குத் தந்த வாய்ப்பும் இத்தகையதே. பழைய பிரிவு எண்கள் மூத்தவர்களுக்கு மனப்பாடம், புதியவற்றில் எல்லோரும் ஒரே கோட்டில் நின்றார்கள். நீதிபதிப் பணியை விரும்புகிறவர்களுக்கு, சிவில் நீதிபதித் தேர்வெழுத மூன்று ஆண்டு வழக்காடிய அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் விதித்திருக்கிறது. ஆஜரான வழக்குகளின் பட்டியலை முதல் நாளிலிருந்தே எழுதிவருவது அங்கே கைகொடுக்கும்.

தனி வழக்கறிஞர் நோயில் விழுந்தால் அலுவலகமே படுத்துவிடும். நடப்பு வழக்குகளின் பட்டியல், அடுத்த தேதிகள், எந்தப் பத்திரம் யாருடையது என்ற குறிப்பு ஆகியவற்றை நம்பிக்கையான ஒரு சக வழக்கறிஞரும் குமாஸ்தாவும் எடுக்கும்படி வைத்திருக்க வேண்டும். அந்தச் சக வழக்கறிஞரால் வாய்தா கேட்டு நிற்கவாவது முடியும். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தமிழ்நாடு வழக்கறிஞர்கள் சேமநல நிதியில் உறுப்பினராவதும், திருமணத்துக்கோ குழந்தை பிறப்புக்கோ பின் அதில் நியமனதாரர் பெயரைப் புதுப்பிப்பதும் ஒரு மணி நேர வேலை. பலர் அதைத் தள்ளிப்போட்டு, குடும்பத்தை வாரிசுச் சான்றுக்காக அலையவிட்டிருக்கிறார்கள்.