உங்களுக்குத் தெரியுமா? வீட்டு விலையைக் குறைத்துக் கேட்கும் முன்…

பேசி ஒரு லட்சம் குறைத்தால் மிச்சமாவது ஒரு லட்சம் மட்டுமல்ல. தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆகவே குறைகிற ஒவ்வொரு லட்சத்துக்கும் பத்திரச் செலவிலும் 9,000 ரூபாய் குறையும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு இந்தச் செலவை வங்கி வீட்டுக்கடன் கணக்கில் சேர்க்காது, முழுக்கக் கையிலிருந்துதான் போகும். நகையை அடகு வைத்து பத்திரச் செலவு செய்கிற குடும்பங்களுக்கு அந்த 9,000 பெரிய தொகை.

இந்தக் கணக்கு வழிகாட்டி மதிப்பு வரைதான் செல்லும். தெருவாரியாக, சர்வே எண்வாரியாக ஒவ்வொரு இடத்துக்கும் பதிவுத்துறை ஒரு மதிப்பு வைத்திருக்கிறது. துறையின் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அதற்கும் கீழே விலை படிந்தால் வாங்கலாம், தடையில்லை. ஆனால் தீர்வையை வழிகாட்டி மதிப்புக்குத்தான் கேட்பார்கள். குறைந்த விலைக்கே பதிய வேண்டும் என்று நின்றால், முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவின்படி பத்திரம் மதிப்பு நிர்ணயத்துக்குப் போகும்.

வருமான வரிக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு. பத்திர விலைக்கும் வழிகாட்டி மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் பத்திர விலையில் 10 சதவீதத்தைத் தாண்டினால், அந்த வித்தியாசம் முழுவதும் வாங்குபவரின் வருமானமாகக் கருதப்படும். விற்றவரோ வழிகாட்டி மதிப்புக்கே விற்றதாக வைத்து வரி கட்ட வேண்டும். வழிகாட்டி மதிப்பு 60 லட்சம் என்று வையுங்கள். 55 லட்சத்துக்கு முடித்தால் தொல்லை இல்லை. 54 லட்சத்துக்கு முடித்தால் 6 லட்சம் உங்கள் வருமானத்தில் ஏறும். அந்தக் கடைசி ஒரு லட்சத்துக்காக மன்றாடி வாங்கியவர், 30 சதவீத வரி வரம்பில் இருந்தால், அதைவிடக் கூடுதலாக வரி கட்டுவார். நியாயமான காரணத்தால்தான் விலை குறைந்தது என்றால், வருமான வரித் துறையின் மதிப்பீட்டு அலுவலரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமையும் சட்டத்தில் இருக்கிறது.

“விலையைக் குறைக்க முடியாது, ஆனால் பத்திரத்தில் குறைத்துப் போட்டுக்கலாம், மீதியை ரொக்கமாகக் கொடுங்க.” விலை பேசும் இடத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. விலை குறைந்தது போன்ற மயக்கத்தைத் தரும். உண்மையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. 2015 ஜூன் 1 முதல் வீடு, மனை விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கக் கூடாது. மீறி வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். அது விற்பவரின் தலைவலி. உங்கள் தலைவலி வேறு. வங்கி பத்திர விலையைப் பார்த்துத்தான் கடன் தரும், ஆகவே கடன் சுருங்கும். நாளை அந்த வீட்டை விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரிவதால் லாபம் பெரிதாகி, அதற்கான வரி உங்கள் தலையில் விழும். ஒப்பந்தம் முறிந்தால் ரொக்கமாகக் கொடுத்ததற்கு ரசீதும் இல்லை, சாட்சியும் இல்லை. வாழ்நாள் சேமிப்பை இப்படிக் கொடுத்துவிட்டு நிற்பவர்களின் கஷ்டம் சொல்லி மாளாது. தயவுசெய்து இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

உரிமையாளர் சொல்லும் விலை நம் மதிப்பீட்டை எப்படி இழுக்கும் என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. 1987-இல் நார்த்கிராஃப்ட், நீல் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் அரிசோனாவில், டூசான் நகரத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். அனுபவமுள்ள வீட்டுத் தரகர்களை ஒரே வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே விவரத் தாள்கள். உரிமையாளர் கேட்கும் விலை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றி எழுதப்பட்டிருந்தது. பெரிய விலையைப் பார்த்தவர்கள் வீட்டைப் பெரிதாக மதித்தார்கள், சின்ன விலையைப் பார்த்தவர்கள் சிறிதாக மதித்தார்கள். கேட்ட விலையை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். தொழில் தெரிந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், முதல் வீடு வாங்கும் நாம் எம்மாத்திரம்? உரிமையாளர் வாய் திறக்கும் முன்பே நம் விலையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அந்த விலையை எங்கிருந்து எடுப்பது? வில்லங்கச் சான்றிலிருந்து. பெரும்பாலான சார்பதிவகங்களுக்கு 1975 முதலான விவரம் இணையத்திலேயே கிடைக்கிறது. வில்லங்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். அதிலேயே “கைமாற்றுத் தொகை” என்று ஒரு வரி இருக்கும். இன்றைய உரிமையாளர் எந்த ஆண்டில் என்ன விலைக்கு வாங்கியதாகப் பதிந்தார் என்பது அங்கே தெரியும். பக்கத்து வீடு, எதிர்வீடு, அதே அடுக்ககத்தில் மேல்மாடி என்று நாலைந்து சான்றுகளைப் போட்டுப் பார்த்தால் தெருவின் போக்கு பிடிபடும். பத்திர விலை உண்மை விலையைவிடக் குறைவாக இருக்க வாய்ப்புண்டு என்பதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

வாங்கின விலைக்குக் கீழே விற்க மனசு வராது என்பதற்கும் ஆய்வு உண்டு. 1990-களில் பாஸ்டன் நகர அடுக்கக வீடுகளை ஆராய்ந்த ஜெனசோவ், மேயர் இருவரும் 2001-இல் வெளியிட்டது: நஷ்டத்தில் விற்க வேண்டியிருந்த உரிமையாளர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் விலை சொன்னார்கள்; வீடு விற்கவும் நாளாயிற்று. உச்சத்தில் வாங்கியவரிடம் பேரம் மெதுவாகத்தான் நகரும். அவசரப்படுத்தினால் மனம் கசக்கும்.

தரகருக்கு ஒரு சதவீத கமிஷன் என்றால், விலை ஒரு லட்சம் குறையும்போது அவருக்குக் குறைவது 1,000 ரூபாய். அவருக்கு முக்கியம் வீடு கைமாறுவதுதான். “கடைசி விலை இதுதான்” என்று அவர் சொல்வதை உரிமையாளர் வாயாலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் வீடு வாங்க நம்மில் பலர் தயங்குகிறோம். ஆடிப்பெருக்கு, தைப்பூசம் போன்ற நாட்களிலோ கூட்டம் தாங்காமல் பதிவுத்துறை கூடுதல் டோக்கன் விடுகிறது. விலையை ஆடியில் பேசி, பத்திரத்தை ஆவணியில் பதியலாம். போட்டிக்கு ஆள் குறைவான நேரத்தில் பேசும் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

அடுக்ககத்தில் 1,200 சதுர அடி, சதுர அடி 6,000 ரூபாய், மொத்தம் 72 லட்சம் என்பார்கள். அந்த 1,200-இல் படிக்கட்டும் லிஃப்டும் வராண்டாவும் சேர்ந்திருக்கும். உள்ளே புழங்கும் கார்பெட் ஏரியா 850 என்றால், நீங்கள் கொடுப்பது சதுர அடிக்கு 8,470 ரூபாய். இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது இந்த இரண்டாவது எண்ணையும், நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கையும் பாருங்கள். கட்டடம் பழசாகும், நிலம் நிற்கும்.

குறைத்துக் கேட்பதற்கு எது காரணம், விலகி வருவதற்கு எது காரணம் என்பதுதான் இந்த விஷயத்தில் முக்கியம். கூரை ஒழுகல், பழைய மின் ஒயரிங், பட்டா பெயர் மாற்றாதது, வீட்டு வரி பாக்கி எல்லாம் பணமும் நாளும் செலவழித்தால் சரியாகிவிடும். கொத்தனாரையும் எலக்ட்ரீஷியனையும் அழைத்துப்போய் மதிப்புப் போட்டு, அந்தத் தாளோடு உட்கார்ந்து பேசுங்கள். உரிமையில் உள்ள குறை அப்படியல்ல. பூர்வீக வீட்டை அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டு மலிவாகத் தருகிறார்கள் என்றால் அக்கா தங்கைகள் எங்கே என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களில் 1989-இலேயே, அதுவரை மணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு வந்துவிட்டது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தத்தில் மணமான மகள்களுக்கும் உரிமை கிடைத்தது. அவர்கள் கையெழுத்தில்லாத வீட்டை 20 லட்சம் குறைத்து வாங்கினாலும் வழக்கையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள்.

“கிரையம் வேண்டாம், பவர் எழுதித் தருகிறேன், விலையைக் குறைக்கிறேன்” என்பதும் அப்படித்தான். பவர் பத்திரத்தால் மட்டும் சொத்துரிமை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே சொல்லிவிட்டது.

கடன் கட்டாத வீட்டை வங்கி ஏலம் விடும்போது குறிக்கும் குறைந்தபட்ச விலைக்குக் கீழே கேட்க முடியாது என்பது பொதுவான எண்ணம். ஏலத்தில் அது சரி. ஆனால் அந்த விலைக்கு ஆள் வராமல் போனால், கடன்காரரும் வங்கியும் சம்மதித்து குறைந்த விலைக்குக் கொடுக்க, இத்தகைய ஏலங்களுக்கான சர்ஃபாசி சட்ட விதிகளில் வழி உண்டு.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் முடிந்தால், முழுத் தொகைக்கும் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியவர் நீங்கள். பேசி 49.5 லட்சமாக்கினாலும் வழிகாட்டி மதிப்பு 50 லட்சத்தைத் தொட்டால் பிடித்தாக வேண்டும். விலை பேசும்போதே உரிமையாளரிடம் சொல்லிவிட்டால் பத்திர நாளன்று மனஸ்தாபம் வராது.

விலை படிந்ததும் வெறும் டோக்கன் அட்வான்ஸோடு நின்றுவிடாமல் கிரைய ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அதையும் பதிவு செய்வது கட்டாயம். ஒப்பந்த நாளன்றோ அதற்கு முன்போ முன்பணத்தில் ஒரு பகுதியை வங்கி வழியாகக் கொடுத்திருந்தால், பத்திர நாளுக்குள் வழிகாட்டி மதிப்பு ஏறினாலும் வருமான வரிக் கணக்குக்கு ஒப்பந்த நாளின் மதிப்பையே எடுத்துக்கொள்ளலாம். முத்திரைத் தீர்வைக்கு இந்தச் சலுகை கிடையாது, பத்திரம் பதியும் நாளின் மதிப்புதான்.